சாட்சியை எடுத்துவிடலாமா

வாத்தியாரம்மா எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் அல்ல. நகர நூலகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பட்டப்பெயர் கிடைத்தது வேறு இடத்தில்.

வெப் சர்வர் என்று ஒன்று உண்டு. நாம் ஏதோ ஒரு இணையப் பக்கத்தைக் கேட்டால், எங்கோ ஒரு கணினியில் குந்தியிருந்து அதை எடுத்து நீட்டுகிற மென்பொருள். அப்படிப்பட்ட ஒன்றைச் சம்பளம் வாங்காமல், ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, ஒரு கூட்டம் எழுதிப் பராமரித்து வருகிறது. பகலில் வேறு பிழைப்பு, ஒழிந்த நேரத்தில் இது. அந்தக் கூட்டத்தில் யார் என்ன எழுதி அனுப்பினாலும் அது முதலில் இவள் கண்ணில் படும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். இந்த வரி எதற்கு, அந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வியாக வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில், "விளக்கம் போதாது" என்று ஒன்று. சிவப்பு மை இல்லாத குறைதான். வாத்தியாரம்மா என்று யாரோ ஒருவர் கிண்டலாக எழுதினார், மற்றவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தவர் வேலையில் இத்தனை நொள்ளை கண்டுபிடிக்கிறவள் தன் வேலையில் எப்படி என்று மட்டும் கேட்கக்கூடாது. அவளுடைய அம்மா ஆர்டர் எடுத்துச் சட்டை தைத்தவர். பட்டன் வைக்கிற வேலை பிள்ளைகளுடையது. இவள் கை காற்றாய்ப் பறக்கும், மனசு அதைவிட வேகமாய் அடுத்த சட்டைக்குத் தாவிவிடும். அடுக்கி வைத்த சட்டைகளில் ஏதாவது ஒன்றில் கடைசிப் பட்டன் இருக்காது. தம்பி அவளுக்கு எதிர். ஒரு சட்டையை எடுத்தால் அன்றைக்கு அதுதான். ஆனால் தூங்கப் போவதற்கு முன் அக்காவின் அடுக்கை மேலிருந்து கீழ்வரை புரட்டி, விட்டுப்போன பட்டனைக் கண்டுபிடித்து, வாயைத் திறக்காமல் தைத்து வைத்துவிட்டுப் போவான்.

"இவ ஆரம்பிப்பா, அவன் முடிப்பான். ரெண்டையும் சேர்த்தாத்தான் எனக்கு ஒரு பிள்ளை" என்று அம்மா வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சாட்சி என்கிற கருவியையும் அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். சலவைக் கடைக்கு மேலே இருந்த வாடகை வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அவள், ஒன்றில் அவன், நடுவில் ஒரு மெல்லிய சுவர். கீழே இஸ்திரிப் பெட்டி ஆவி விடுகிற சத்தம் நாள் முழுக்க மேலே கேட்கும். வெப் சர்வர் சில சமயம் காரணமே சொல்லாமல் செத்து விழும். எந்தக் கேள்வி வந்து அதைக் கொன்றது என்று யாருக்கும் தெரியாது. தம்பிதான் யோசனை சொன்னான்.

"சிம்பிள்க்கா. யார் எதைக் கேட்டாலும், பதில் சொல்றதுக்கு முன்னாடியே 'வந்தது'ன்னு ஒரு வரி எழுதிடணும். பதில் கொடுத்தப்புறம் 'முடிந்தது'ன்னு ஒரு வரி. சர்வர் விழுந்துச்சுன்னா, வந்ததுன்னு இருந்து முடிந்ததுன்னு இல்லாத வரியத் தேடு. அதான் ஆளு."

பெயர் வைத்ததும் அவன்தான். எந்தப் பக்கமும் பேசாமல் பார்த்ததை மட்டும் சொல்கிறதே, அதனால் சாட்சி. கோப்பின் தலையில் இரண்டு பெயர்கள் ஏறின. அவள் பெயர், அதன் கீழே கூட்டத்தில் அவன் வைத்துக்கொண்டிருந்த பெயர்: கடைக்குட்டி. கொஞ்ச காலம் அந்தச் சாட்சியைப் பாராட்டாத ஆள் இல்லை. அக்காளும் தம்பியும் சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்த காலம் அது.

அப்புறம் தம்பி ஒரு பெரிய வேலையில் இறங்கினான். வருகிற கேள்வியின் முகவரி வரியை மட்டும் எழுதினால் போதாது, ஆட்கள் படிவத்தில் நிரப்பி அனுப்புவதையும் சேர்த்து எழுத வேண்டும், அப்போதுதான் கோளாறு முழுசாகப் பிடிபடும் என்று ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கூட வரமாட்டான். முடித்துக் கூட்டத்துக்கு அனுப்பினான். கூட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரே ஒருவர் தக்க காரணத்தோடு ஆட்சேபணை சொன்னாலும் அந்த மாற்றம் நின்றுவிடும்.

வாத்தியாரம்மா ஆட்சேபணை சொன்னாள். "மக்கள் நம்பி எழுதி அனுப்புவதையெல்லாம் நாம் எடுத்து வைத்துக்கொள்ள என்ன உரிமை? விளக்கம் போதாது" என்று கூட்டம் முழுக்கப் படிக்கிற இடத்தில் எழுதினாள். சொன்னது சரிதான். இன்றைக்கும் அது சரிதான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் அடுத்த அறையில் இருந்தான். எழுந்து போய் வாசலில் நின்று, "டேய், இது சரியா வராதுடா" என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. கூட்டத்து வேலையைக் கூட்டத்தில்தான் பேச வேண்டும் என்று ஒரு கொள்கை. கொள்கையை என்ன சொல்ல!

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. தம்பி வந்து அவள் அறை வாசலில் நின்றான். கத்தவில்லை.

"பக்கத்து ரூம்லதானேக்கா இருந்தேன்?"

அவ்வளவுதான் கேட்டான். அந்த மாதம் முடிவதற்குள் தொலைவில் ஒரு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். கூட்டத்திலிருந்தும் விலகினான். அதற்கப்புறம் அம்மாவுக்குத்தான் போன் வரும். "நல்லா இருக்கானாம்" என்று அம்மா பொதுவாகச் சொல்வார், அதை அக்காள் ஆயிரம் தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அம்மாவும் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்கு வந்தவன் அக்காள் வீட்டுக்காரரிடம் நான்கு வார்த்தை பேசினான், அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான், வண்டி ஏறிவிட்டான். அத்தோடு அந்த 'நல்லா இருக்கானாம்' கூட நின்றுபோயிற்று.

அவளுடைய வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். மற்றவர்கள் கடித்துத் தின்ன வேண்டும் என்பதற்காக நாள் முழுக்க மெழுகும் அச்சுமாக உட்கார்ந்திருக்கிற மனுஷர். "போன் நம்பர் இருக்குல்ல? போட்டுப் பேசேன்" என்று அவர் சொல்லாத வருஷம் இல்லை.

"பேசி? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்பாள் அவள். எண்ணை எடுப்பாள், பார்ப்பாள், போனைக் கவிழ்த்து வைப்பாள்.

ஆனால் ஒரு வழி மிச்சம் இருந்தது. அந்தக் கூட்டத்து ஏற்பாட்டில், ஒரு கோப்பை யார் தொட்டாலும், அதன் தலையில் பெயர் இருக்கிறவர்களுக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சல் போகும். இன்னார் இதை மாற்றினார், மாற்றம் இது என்று. வேண்டாம் என்றால் கோப்பிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிடலாம், ஒரு நிமிட வேலை. தம்பி கூட்டத்தை விட்டான், வீட்டை விட்டான், சாட்சியின் தலையிலிருந்து மட்டும் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. மறந்துவிட்டானா, மனசு வரவில்லையா, தெரியாது. இவள் இரண்டாவதைத்தான் நம்பினாள். நம்புகிறதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

ஆகவே அவள் சாட்சியைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். புது வருடம் பிறந்தால் தலைப்பில் வருடத்தை மாற்றுவாள். குறிப்பில் ஒரு காற்புள்ளி வைப்பாள். இரண்டு இடைவெளி இருக்கிற இடத்தில் ஒன்றாக்குவாள். ஒவ்வொரு தடவையும் எங்கோ இருக்கிற தம்பியின் பெட்டியில் அவள் பெயரைத் தாங்கிய ஒரு மின்னஞ்சல் போய் விழும். திறந்து பார்க்கிறானோ, அப்படியே தள்ளிவிடுகிறானோ. பதில் என்று ஒன்று வந்ததில்லை. அனுப்பியதும் அவளுக்கு ஒரு நிம்மதி வரும், கொஞ்ச நாளில் அது கரையும், மறுபடி ஒரு காற்புள்ளியைத் தேடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் கட்டை போட்டவள் கறார். கூட்டத்தில் பாதுகாப்பைக் கவனிக்கிற பெண்ணுக்கு அதுதான் பெயர், சொந்தத் தம்பியானாலும் ரகசியச் சொல் சரியில்லை என்றால் உள்ளே விடமாட்டாள். அவள் ஒரு நாள் கூட்டத்துக்கு எழுதினாள்: "சாட்சியை எடுத்துவிடலாமா? இதே வேலையை இதைவிட நன்றாகச் செய்கிற புதுக் கருவிகள் வந்துவிட்டன. சாட்சி எல்லாவற்றையும் பச்சையாக எழுதி வைக்கிறது, பல தளங்கள் மக்களின் ரகசியச் சொல்லை முகவரி வரியிலேயே ஒட்டி அனுப்புவதால் அதுவும் இதில் மாட்டிக்கொள்கிறது. இன்னும் இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா?"

நூலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் வாத்தியாரம்மா இதைப் படித்தாள். கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

விவாதம் களைகட்டியது. பழைய சாமானைத் தூக்கிப் போட்டால்தான் வீட்டில் நடக்க இடம் இருக்கும் என்றார் ஒருவர். யாரோ ஒருத்தர் எங்கோ ஒரு மூலையில் இதை நம்பிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார், அதுதான் வினையாகப் போயிற்று. "போன மாதம்கூட இதில் மாற்றம் நடந்திருக்கிறது. வாத்தியாரம்மா எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்! உயிரோடு இருப்பதை ஏன் எடுக்க வேண்டும்?" என்று எழுதினார்.

கறார் உடனே போய் அந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சும்மா இருப்பாளா?

"பார்த்துவிட்டேன். காற்புள்ளி சேர்ப்பு. வருட மாற்றம். இடைவெளி. காற்புள்ளி நீக்கம். மறுபடி அதே காற்புள்ளி, அதே இடத்தில் சேர்ப்பு. வாத்தியாரம்மா, ஒரு காற்புள்ளியை இப்படிப் பந்தாடுகிறீர்களே, அது என்ன பாவம் செய்தது?"

கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்திருப்பாள், வேறு யாருடைய காற்புள்ளியாக இருந்திருந்தால். தனியாக உட்கார்ந்திருந்தும் காது மடல் சுட்டது.

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: எழுதியவர் அவர், பார்த்துக்கொள்கிறவர் அவர், வாத்தியாரம்மாவே சொல்லட்டும். அவள் 'ஆட்சேபணை' என்று எழுதிக் காரணம் ஒன்றை ஒட்டவைத்தால் போதும். சாட்சி நிற்கும், கோப்பின் தலையில் இரண்டு பெயரும் நிற்கும், மின்னஞ்சல் போய்க்கொண்டிருக்கும். எடுத்துவிட்டால் தொடுவதற்குக் கோப்பே இல்லை. தம்பிக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த கடைசி இழை அது.

காரணம் கண்டுபிடிப்பதா கஷ்டம்? வருஷக்கணக்காக அடுத்தவர் காரணங்களை அளந்து பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து அழகான ஒரு ஆட்சேபணையை எழுதியும் விட்டாள். படித்துப் பார்த்தாள். குறை சொல்ல இடமில்லை. அதுதான் உறுத்தியது.

ஏனென்றால் கறார் சொன்னது உண்மை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. முன்பு ஒரு தடவை, இதே சர்வரில் ஓடுகிற நூலகத் தளத்தில் கோளாறு தேடும்போது சாட்சி எழுதி வைத்ததைப் புரட்டினாள். தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிற ஒரு பெரியவரின் ரகசியச் சொல் அதில் அப்படியே கிடந்தது. ஒரு பெண்ணின் பெயர், கூடவே செல்லமாக ஒரு அடைமொழி. அவருடைய சட்டைப் பையில் கை விட்டுவிட்டதுபோலக் கூசிப் போனாள். அன்றைக்கே தன் நூலகத்தில் சாட்சியை நிறுத்திவிட்டாள். தன் வீட்டில் வேண்டாம் என்று வைத்ததை ஊரில் இருக்கட்டும் என்று சொல்லப்போகிறாள், அதுவும் தக்க காரணத்தோடு.

வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு தாடை அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள்.

"நீ ஆட்சேபணை சொன்னா நிக்குமா?" என்றார்.

"நிக்கும்."

"அப்புறம் என்ன? சொல்லிடு. ஒரு காற்புள்ளிதானே, யாருக்கு நஷ்டம்?"

"அன்னிக்கு அவன் ஒரு மழைக்காலம் பூரா உட்கார்ந்து எழுதினதை, சனங்களோட ரகசியம்னு சொல்லித்தானே வேண்டாம்னேன்? அவனுக்காகவே கொள்கைய வளைக்கலையே. இன்னிக்கு எனக்காக வளைச்சா, அன்னிக்கு எதுக்கு அவன இழந்தேன்?"

வீட்டுக்காரர் அச்சைக் கீழே வைத்தார். பல்லைத் தவிர மற்ற விஷயங்களில் அவருக்கு வார்த்தை சீக்கிரம் வராது.

"ஆடுற பல்ல எடுக்கிறது பெரிசில்ல" என்றார் கடைசியில். "எடுத்தப்புறம் நாக்கு அந்த இடத்தையே தேடிட்டுப் போகும் பாரு. அதுக்குத்தான் மருந்து கிடையாது."

ஆறுதலாகச் சொன்னாரா, பயமுறுத்தினாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவள் ஆட்சேபணையை அழித்தாள். "எடுத்துவிடலாம். நானே எடுக்கிறேன்" என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் நூலகத்தில் வேலை ஓய்ந்த நேரத்தில் சாட்சியின் கோப்பைத் திறந்தாள். இரண்டு பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்று. கீழே அவன் கைப்பட்ட வரிகள், அவள் கைப்பட்ட வரிகள்; எது யாருடையது என்று இன்றைக்கும் அவளால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். நீக்கும்போது ஒரு விளக்கம் எழுத வேண்டும். இதுதான் அவனுக்குப் போகிற கடைசி மின்னஞ்சல். என்னென்னவோ எழுதினாள். இஸ்திரிப் பெட்டி ஆவி, சுவர், அம்மா. எழுதியதையெல்லாம் அழித்தாள், கூட்டம் முழுக்கப் படிக்கிற இடம் ஆயிற்றே. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "சாட்சி ஓய்வு பெறுகிறது. எழுதியவர்களுக்கு நன்றி." எழுதியவர்களில் பாதி அவளே. தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொண்ட அழகைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. திரை கலங்கலாகத் தெரிய, பொத்தானை அமுக்கினாள். போய்விட்டது. மேசையில் குவிந்திருந்த மற்ற வேலைகளில் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கிளம்பப் பையை எடுக்கும்போது கூட்டத்தில் ஒரே அமளி. புதிதாக யாருமே மென்பொருளைக் கட்டி எழுப்ப முடியவில்லை. 'சாட்சியைக் காணவில்லை' என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடுகிறது. கறார் பிடித்துக்கொண்டாள்: "வாத்தியாரம்மா! கோப்பை எடுத்தீர்கள், சரி. என்னென்ன துண்டுகளைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் சாட்சியின் பெயர் அப்படியே இருக்கிறது. அடுத்தவருக்கு இத்தனை பாடம் நடத்துகிற நீங்களா?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்து, அந்த ஒரு வரியை எடுக்கப் பட்டியலைத் திறந்தாள். அதற்கு முன்பே ஒரு திருத்தம் வந்து ஒப்புதலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. வெளியாள் அனுப்பியது, வெளியாள் அனுப்புவதை அவள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் உள்ளே போகும்.

திருத்தம் ஒரே வரி. அனுப்பியவர்: கடைக்குட்டி. விளக்கம்: "விட்டுப்போனது ஒன்று."

பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. படித்திருக்கிறான். படித்ததோடு விடாமல், அக்காள் எங்கே எதை விட்டிருப்பாள் என்று மேலிருந்து கீழ்வரை புரட்டிப் பார்த்திருக்கிறான். அப்படியென்றால் அந்தக் காற்புள்ளிகள்? வருடங்கள்? எல்லாவற்றையும்தானா? நூலகத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்த காவலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த வரிசையை மட்டும் எரியவிட்டுப் போனார்.

சரி என்று ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். மென்பொருள் எழுந்து நிற்கும், எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள், தம்பியும் வந்த சுவடு தெரியாமல் போய்விடுவான். பட்டன் தைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிற மாதிரி.

"அம்மா, ஒத்தை வரிதானே, அமுக்குங்கள். எல்லாரும் காத்திருக்கிறோம்" என்று எழுதினாள் கறார்.

வாத்தியாரம்மா தட்டினாள். "விளக்கம் போதாது."

தட்டிய பிறகுதான் அந்த வார்த்தை எது என்று அவளுக்கு உறைத்தது. விரல் அழிக்கப் போனது, நின்றது. அதன் கூடவே இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். "இன்னும் நிறைய எழுதவும். பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்."

கூட்டம் முழுக்கப் படிக்கிற இடத்தில் அனுப்பினாள்.

"ஒரு வரியை எடுக்க இன்னும் என்ன விளக்கம்? பக்கத்து அறையா, எந்த அறை? யாருக்காவது ஏதாவது புரிகிறதா?" என்று கறார் பொரிந்து தள்ளினாள். திரையின் அடியில், கடைக்குட்டி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வரி தோன்றியது. மறைந்தது. மறுபடி தோன்றியது, வெகுநேரம் அப்படியே இருந்தது. அவள் மூச்சுவிடவும் பயந்துகொண்டு பார்த்திருந்தாள்.

பிறகு வந்தது.

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும், அக்கா?"